கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

வாசகி எழுதியது:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சேலத்தில் கன்னங்குறிச்சி பக்கம் குடியிருக்கிறோம். என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்தார். இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஏற்காட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனார். சாயங்காலம் இறங்கி வரும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மேலே ஏறி வந்த பிக்கப் வேன் மோதிவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். நண்பருக்குக் கால் முறிந்து அவரும் பேச முடியாத நிலையில் இருந்தார். வேன் டிரைவர் சொன்னதை வைத்து, பைக் வேகமாக வந்ததுதான் காரணம் என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை நடந்த அன்று பிணவறை வாசலில் ஒருவர் வந்து, "எல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதுல முப்பது பர்சன்ட் குடுத்தா போதும்" என்று நாலைந்து காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதில் ஒன்றுமே எழுதாத காகிதமும் இருந்தது. இப்போது வேன் உரிமையாளர் வந்து, இரண்டு லட்சம் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு கேஸை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். என் கணவருக்கு 34 வயது. ஆதாரில் 36 என்று இருக்கிறது. சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு 29. எட்டு வயதில் பெண், நாலு வயதில் பையன். மாமியாரும் எங்களோடுதான். "புள்ள ரத்தத்துக்கு ரூபாய எண்ணி வாங்கணுமா" என்று அவர் அழுகிறார். நண்பர் மேல் வழக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. என் கணவர் ஹெல்மெட்டும் போடவில்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: வேன் உரிமையாளர் கொண்டுவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பதிலில் மீதியெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும்.

"கேஸை வாபஸ் வாங்குங்கள்" என்று அவர் சொல்வது நடக்கிற காரியமே இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்பது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் வருகிறது. அது சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றம் அல்ல. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அதை நடத்துவது அரசுதான். அப்படியானால் அவருக்கு எதற்கு உங்கள் கையெழுத்து? நீங்கள் இழப்பீட்டு வழக்குப் போடாமல் இருக்கத்தான். அந்தப் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் குழந்தைகள் இரண்டு பேரும் மைனர்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர்கள் பங்கை யாரும் பேசி முடித்துவிட முடியாது. இருந்தாலும் அப்படி ஒரு காகிதம் வெளியே இருந்தால், விசாரணையில் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு அலைக்கழிக்க அதுவே போதும். தன் வண்டி மேல் தப்பே இல்லை என்கிறவர் இரண்டு லட்சத்தோடு வீடு தேடி வருகிறார் என்றால், அந்த வண்டியின் காப்பீடு, தகுதிச் சான்று, டிரைவரின் லைசென்ஸ் மூன்றையும் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது நாள் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில் இழப்பீடு கேட்டு மனுப் போட ஆறு மாதம்தான் கெடு. 2019இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு மாதம் விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணப்படும். உங்கள் கணவர் இறந்த நாளிலிருந்து எண்ணினால் பதினோரு நாள் தவறிப்போகும், கவனம். இந்தக் கெடுவே செல்லாது என்று தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. கெடு தாண்டிவிட்ட குடும்பம் எதுவும் இதைப் படித்தால் கைவிட்டுவிடாமல் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், இன்னும் மூன்றரை மாதம் கையில் இருக்கிறது.

சரி, எஃப்.ஐ.ஆர். பைக் மேல் இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இதற்காகத்தான் மிகவும் பயந்திருக்கிறீர்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. உங்கள் கணவர் வண்டி ஓட்டவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவர். இரண்டு வண்டிகளின் தப்பினால் மூன்றாவது ஆள் ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பம் இரண்டில் எந்தத் தரப்பிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யார் மேல் எத்தனை சதவீதம் தப்பு என்பதை அவர்கள் இருவரும் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். முதல் தகவல்தான். இழப்பீட்டு மனுவை விசாரிக்கிற மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டது அல்ல. கிரிமினல் வழக்கில் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லவும் மாட்டார்கள். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆனாலும் வேன் தரப்பில் கொஞ்சமாவது தப்பு இருந்தது என்று காட்டியாக வேண்டும். மலைப்பாதைக்கு ஒரு விதி உண்டு: இரண்டு வண்டி போகிற அளவு அகலம் இல்லாத இடத்தில், இறங்கி வருகிறவர்தான் ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டாயம் இதைப் பிடித்துக்கொள்வார். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஏறுகிற சரக்கு வண்டி வேகம் குறையாமல் வளைவை எடுக்க, தன் பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கத்துக்கு அகலமாக ஏறி வரும். உங்கள் வழக்கில் அப்படித்தான் நடந்ததா என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம் சொல்லும், போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜர் சொல்லும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை சொல்லும். பைக் விழுந்து கிடந்தது சாலையின் எந்தப் பக்கம், டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்குகிறது, வேனின் எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்று காகிதமும் கைக்கு வந்த பிறகுதான் எந்த வழக்கறிஞராலும் நம்பகமாக உங்களிடம் பேச முடியும்.

இதற்கெல்லாம் மேலான சாட்சி உங்கள் கணவரின் நண்பர். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர், உயிரோடு இருக்கிறவர். அவர் வாக்குமூலத்தை இதுவரை போலீஸ் எழுதாமல் இருந்தால், நடந்ததை அவரே எழுதி விசாரணை அதிகாரிக்கும், சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பட்டும். இதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். ஆறேழு மாதம் கழித்து முதல் தடவையாகச் சொல்கிற சாட்சியத்தை "சொல்லிக் கொடுத்தது" என்று சுலபமாகத் தள்ளிவிடுவார்கள்.

அவர் மேல் வழக்குப் போட மனசு வரவில்லை என்கிறீர்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இழப்பீட்டு மனுவில் பைக் உரிமையாளரின் பெயர் எதிர்மனுதாரராக வருவது அவரைத் தண்டிக்க அல்ல. அவர் கட்டி வைத்திருக்கும் காப்பீடு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. அவருக்கு இதை நேரில் விளக்குங்கள், ஒளித்துச் செய்ய வேண்டாம். ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பைக்குக்கு முழுக் காப்பீடு, அதாவது பேக்கேஜ் பாலிசி, இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கும் அது பொருந்தும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பொருந்தாது. அப்போது பைக் மேலும் தப்பு என்று தீர்ப்பானால், அந்தப் பங்கு நண்பரின் தலையில் விழ வாய்ப்பு உண்டு. அதனால் மனுப் போடுவதற்கு முன்னாலேயே அவருடைய பாலிசி நகலை வாங்கிப் பார்த்துவிடுங்கள். வேனுக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை வண்டி எண்ணை வைத்து அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஹெல்மெட் விஷயம். பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம்தான். எதிர்த்தரப்பு இதைச் சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கப் பார்க்கும், சில சமயம் குறைக்கவும் படும். ஆனால் ஹெல்மெட் போடாததால் விபத்து நடக்கவில்லை. அதை வைத்து மனுவையே தள்ள முடியாது. இதற்காக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

இனி பிணவறை வாசலில் கையெழுத்து வாங்கியவர். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம், கணவனின் உடல் கைக்கு வருவதற்கு முன்னால், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதை விடக் கேவலமான வேலை என் தொழிலில் இல்லை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் தடை. உங்களிடம் வந்தவர் வழக்கறிஞரே இல்லாமல், கமிஷனுக்கு வழக்குப் பிடித்துக் கொடுக்கிறவராகவும் இருக்கலாம். அதனால் உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. முதலில் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, எம்.சி.ஓ.பி. எண், அதாவது விபத்து இழப்பீட்டு மனு எண், எதுவும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சேலத்தில் மட்டும் பார்த்தால் போதாது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் என எங்கேயும் மனுப் போடலாம் என்பதால், உங்களுக்கே தெரியாமல் வேறு ஊரில் போட்டிருக்கவும் கூடும். எதுவும் பதிவாகவில்லை என்றால், "உங்களை நான் நியமிக்கவில்லை, என் கையெழுத்துள்ள காகிதங்களைத் திருப்பித் தரவும்" என்று ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகியிருந்தால், நீதிமன்ற அனுமதியோடு வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இன்னொன்று, காசோலைப் புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ எவரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு நேராக வர வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு லட்சம் என்ற பேச்சு எவ்வளவு சிறியது என்று தெரிய, கணக்குப் போட்டுக் காட்டியாக வேண்டும். இந்தக் கணக்கை 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. நாடு முழுக்க ஒரே முறைதான்.

உங்கள் கணவருக்கு வாரம் நாலாயிரத்துச் சொச்சம் கூலி வந்தது, மாதம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருந்த கூலிக்காரர் என்பதால், வருங்காலத்தில் கூடியிருக்கும் என்று 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 25,200. குடும்பத்தில் அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், அதனால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிப்பார்கள்: 18,900. வருஷத்துக்கு 2,26,800. இதை வயதுக்கு உரிய பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. ஆக 36,28,800 ரூபாய். இதற்கு மேல், கணவனையும் தகப்பனையும் மகனையும் இழந்ததற்காக உங்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் உங்கள் அத்தைக்கும் தனித்தனியாக ஒரு தொகை உண்டு. 2017இல் 40,000 என்று வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். அப்படிக் கூட்டினால் 2023இலிருந்து தலைக்கு 48,400. ஈமச் செலவு, சொத்து இழப்பு என்று தலா 18,150. பதினோரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு, பில் இருக்கிற வரைக்கும் தனி. மருத்துவச் செலவைச் சேர்க்காமலே 38 லட்சத்துக்கு மேல் வருகிறது.

அந்தத் தொகை அப்படியே வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் அந்த 18,000 நிற்கிறதா என்பதில் இருக்கிறது. தீர்ப்பாயம் அதை 12,000 என்று எடுத்தால், வருமான இழப்பு மட்டும் 24,19,200 ஆகிவிடும், 12 லட்சம் போய்விடும். மாதம் ஆயிரம் ரூபாய் வருமானத்தை நம்மால் காட்ட முடியாமல் போனால், தீர்ப்பில் 2,01,600 ரூபாய் குறைகிறது. வேன் உரிமையாளர் பேசும் இரண்டு லட்சம் இந்த ஆயிரத்துக்குத்தான் சமம். அதனால் அடுத்த ஒரு மாதம் உங்கள் வேலையெல்லாம் இதுதான்: அவர் சம்பாதித்தார் என்பதற்குக் காகிதம் தேடுவது.

சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காகப் பயப்படாதீர்கள். சேலத்தில் வெள்ளி வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? சம்பளச் சான்று இல்லை என்பதற்காக வருமானத்தை மிகக் குறைவாக எடுக்கக் கூடாது, குறைந்தபட்சக் கூலி அறிவிப்பும் ஒரு அளவுகோல்தான், அதுவே எல்லை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. 2008இல் விபத்தில் சிக்கிய ஒரு காய்கறி வியாபாரிக்கு, எந்தக் காகிதமும் இல்லாமலே, மாதம் 6,500 வருமானம் என்று 2014இல் அதே நீதிமன்றம் ஏற்றது. அவர் உடல் உழைப்பில் வாழ்ந்தவர். உங்கள் கணவர் கைத்தொழில் தெரிந்தவர். வெறும் கூலி வேலை என்று எழுதாமல், கொலுசு வேலையில் அவர் எந்தப் பிரிவு, பற்றவைப்பா, மெருகா, எத்தனை வருஷம் செய்தார் என்று மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பட்டறையில் எவ்வளவு வெள்ளி வாங்கினார், எவ்வளவு எடைக்குக் கொலுசாகத் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள் அல்லவா, அதைக் கேளுங்கள். முழு நோட்டையும் தர மாட்டார்கள், அவர் பெயர் வரும் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் கூலி ஜி-பேயில் வந்திருந்தால் வங்கி விவரத்தை இரண்டு வருஷத்துக்கு எடுங்கள். நீங்கள் மகளிர் குழுவிலோ சிறுகடன் நிறுவனத்திலோ கடன் வாங்கியிருந்தால், விண்ணப்பத்தில் கணவர் வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். வாராவாரம் தவறாமல் கட்டிய தவணை அட்டையும் உங்கள் பக்கம் பேசும். சீட்டுப் பணம் கட்டிய புத்தகம், வீட்டு வாடகை, பெண்ணின் வேன் கட்டணம், எல்லாமே. இந்தக் குடும்பம் மாதம் இவ்வளவு செலவழித்தது, சம்பாதித்தவர் ஒருவர்தான் என்றால், அவ்வளவாவது வந்திருக்க வேண்டும் அல்லவா?

பட்டறைக்காரர் ஒரு கடிதம் கொடுப்பார். கடிதம் மட்டும் போதாது, அவர் தீர்ப்பாயத்துக்கு வந்து சாட்சி சொன்னால்தான் அதற்கு மதிப்பு. வரி, பி.எஃப். என்று தனக்கு ஏதாவது வந்துவிடுமோ என அவர் தயங்குவது இயல்பு. போய்ப் பேசுங்கள். வராவிட்டால் சம்மன் அனுப்பவும் வழி உண்டு. அவர் வராமலே போனாலும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் வரலாம். நான் நடத்திய வழக்கு ஒன்றில், கூடவே பதினைந்து வருஷம் வேலை செய்த ஒருவர் கூண்டில் நின்று, எந்தெந்த மாதம் வேலை அதிகம், எந்த மாதம் சும்மா உட்கார்ந்திருப்போம் என்று சொன்னார். குறைவான மாதங்களையும் மறைக்காமல் சொன்னதால்தான் அவர் சொன்ன மொத்தக் கணக்கையும் நீதிபதி நம்பினார். அதனால், மாதம் 40,000 சம்பாதித்தார் என்று எழுதலாம் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்யான ஒரு எண், உண்மையான மற்ற எண்களையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

வயதும் இதே மாதிரிதான். ஆதார்படி 36 என்றால் பெருக்கு எண் 15 ஆகிவிடும், 34 என்றால் 16. அந்த ஒன்று உங்களுக்கு 2,26,800 ரூபாய். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை எடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலேயே தீர்ப்பளித்தது. அவர் எத்தனை வகுப்பு படித்திருந்தாலும் சரி, அந்தப் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழின் நகலையோ சேர்க்கைப் பதிவேட்டின் சான்றையோ வாங்குங்கள்.

போலீஸிலும் ஆஸ்பத்திரியிலும் வாங்க வேண்டியவை பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான்: எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனைச் சான்று, சிகிச்சைச் சுருக்கம், எல்லா பில்களும், இறப்புச் சான்றிதழ், தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள், அது வரத்தான் நாளாகும். ஒன்றை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள். விபத்து நடந்த அன்று அவர் உயிரோடு இருந்ததால் எஃப்.ஐ.ஆர். காயம் ஏற்படுத்திய பிரிவில் பதிவாகியிருக்கும். இறந்த பிறகு மரணப் பிரிவுக்கு மாற்றி அறிக்கை அனுப்பினார்களா? அந்தப் பிரிவு மாற்ற அறிக்கையின் நகல் வேண்டும். இல்லாவிட்டால் "விபத்தால் இறக்கவில்லை, வேறு நோயால் இறந்தார்" என்று வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். 2022இல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 90 நாளுக்குள் போலீஸ் விரிவான அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அது போய்விட்டதா என்றும் விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். அடிவாரச் சோதனைச் சாவடியிலோ வழியில் உள்ள கடைகளிலோ கேமரா இருந்து, பதிவை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை. இரண்டரை மாதம் ஆகிவிட்டதால் அழிந்திருக்கலாம், ஆனாலும் கேளுங்கள்.

மனுப் போட்ட பிறகு எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் சமரசத் தொகை சொல்லலாம், சமரசத்தில் முடித்து வைக்கிற மக்கள் நீதிமன்றத்துக்கும் (லோக் அதாலத்) வழக்கு போகலாம். மக்கள் நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன். பல குடும்பங்களுக்கு வருஷக்கணக்கில் அலைச்சல் மிச்சமாகியிருக்கிறது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி கையில் வைத்துக்கொண்டு, சொல்லும் தொகை அதற்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். ரொம்பக் கீழே இருந்தால் "வேண்டாம், வழக்கே நடக்கட்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள முடியாது. காத்திருக்கும் காலத்துக்கு வட்டியும் சேரும். நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் பெரும்பாலும் 7.5 சதவீதம், மனுப் போட்ட நாளிலிருந்து. 30 லட்சத்துக்கு வருஷத்துக்கு 2,25,000. சீக்கிரம் மனுப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளின் பங்கை 18 வயது வரை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டுவிடுவார்கள், படிப்புச் செலவுக்கு நீதிமன்றத்தில் கேட்டு எடுக்கலாம்.

அதுவரை வீடு நடக்க வேண்டுமே. அவருடைய வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு, 2 லட்சம் வரும். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஆயுள் காப்பீடு, இன்னொரு 2 லட்சம். காலம் தாழ்த்தாமல் வங்கியில் சொல்லுங்கள். உங்கள் பெண் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சம்பாதித்த பெற்றோரை விபத்தில் இழந்த பிள்ளைக்கு அரசு 75,000 ரூபாய் வைப்புத் தொகை தருகிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்ததைக் காட்டி விபத்து இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 1998லேயே தீர்ப்பு இருக்கிறது.

உங்கள் அத்தை கேட்டதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அவருக்கு நான் சட்டம் சொல்லப் போவதில்லை. அவர் மகன் சனிக்கிழமை கூலி வாங்கி வந்து வீட்டில் கொடுத்தாரே, அதைத்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். அவர் இருந்திருந்தால் பெண்ணைப் படிக்கவைக்க, அம்மாவுக்கு மாத்திரை வாங்கத் தந்திருப்பார் அல்லவா, அந்தப் பணம். மகனுடைய விலை என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது. இன்னொன்றும் அவர் மனசில் இருக்கலாம், கேட்கத் தயங்குவார்: மருமகள் சின்ன வயது, நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டால் தன் கதி என்ன? அவருடைய பங்கு அவர் பெயரிலேயே தனியாக வரும். அதேபோல, நீங்கள் மறுமணம் செய்தாலும் உங்கள் உரிமை போகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இரண்டையும் இருவரும் தெரிந்துகொண்டால் வீட்டில் பேச்சு சுலபமாகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் அதற்காகத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அங்கே ஒதுக்கும் வழக்கறிஞரிடம் ஃபீஸ் என்று ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

போகும்போது இருக்கிற காகிதங்களை எடுத்துக்கொண்டு அத்தையையும் கூட்டிப் போங்கள். நால்வரும் ஒரே மனுவில் மனுதாரர்கள், அவர் கையெழுத்தும் வேண்டும். எழுதியிருப்பதை முதலில் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அப்புறம் போடட்டும்.